ராஜாஜி கேட்ட ருஜு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் இக்காலத்தில், வெளியூர்களிலிருந்து வந்து ஓர் அறையில் பலராக வசிக்கும் தொழிலாளிகள் அங்கே அநேகர். காற்றோட்டமில்லாத நெருக்கத்தில் க்ஷயரோகம் எளிதிற் பரவும் என்பது யாவரும் அறிந்ததே. அந்நோயைத் தடுக்கப் போடும் பி.ஸி.ஜி. ஊசியின் பலனை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது, ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில்தான் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? அச்சோதனை தொடங்குவதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்னரே இவ்வூசிக்கு ருஜு எங்கே என்று தேசத்தைக் கேட்டவர் ராஜாஜி.

1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழிலில் பெயர் பெற்று, தேசத்தின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்த அவருடைய ராஜீய வாழ்க்கையை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாத வேறொரு பக்கம் உண்டு. சாஸ்திர விஷயங்களைத் தமிழில் சொல்ல முடியாது என்று படித்தவர்கள் கைவிரித்திருந்த 1916-ல், அவர் நண்பர்களுடன் சேர்ந்து சாஸ்திரச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கச் சேலத்தில் ஒரு சங்கம் கண்டார். 1929-ல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து "விமோசனம்" என்ற பத்திரிகையை நடத்தி, மதுவின் தீங்கைக் குடியானவனும் அறியும்படி கதையாகவும் படமாகவும் விளக்கினார். கல்கி அதில் அவருக்கு உதவியாக இருந்தார். ரஸாயன சாஸ்திரத்தையே திண்ணைப் பேச்சாக்கிப் புஸ்தகம் எழுதினார். பாமரனுக்குப் புரியாது என்று சொல்வது சொல்பவனுடைய குறையே என்பது அவர் செய்கையால் விளங்கியது.

1948 முதல் நம் நாட்டில் பி.ஸி.ஜி. ஊசி போடப்பட்டது. மருந்து கிண்டியிலேயே தயாராயிற்று. முதன் மந்திரி பதவியிலிருந்து விலகிய மறு வருஷம், 1955-ல், ராஜாஜி இதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். உயிருள்ள கிருமிகளை ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் கூட்டங்கூட்டமாகச் செலுத்துவதற்குத் தக்க ருஜு வேண்டும், பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்பது அவர் வாதம். சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் ஊசியை ஆதரித்து நின்றார்.

இவ்வழக்கில் இரு கட்சியாரிடமும் குறை இருந்தது. அடக்கி வைத்த கிருமி பெருந்தீங்கு விளைக்கும் என்ற ராஜாஜியின் அச்சத்தைப் பின்வந்த அனுபவம் மெய்ப்பிக்கவில்லை. இதை மறைப்பது அவருக்கு மரியாதையாகாது. எனினும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த சோதனையின் முடிவு 1956-ல்தான் வெளிவந்தது. அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு நோய் தடுக்கப்பட்டது. அமெரிக்காவின் தென் பகுதிச் சோதனையிலோ பலன் மிகச் சொற்பம். ஆகவே இங்கிலாந்தின் ருஜு இந்தியாவுக்குச் செல்லுமா என்பதை இந்தியாவிலேயே பார்த்தாக வேண்டியிருந்தது.

1968-ல் அவ்விசாரணை செங்கற்பட்டில் தொடங்கியது. அதன் முறையை வக்கீல் பாஷையிலேயே சொல்லலாம். ஏறக்குறைய 2,60,000 பேரில் ஒரு பகுதியாருக்கு மெய்யான மருந்தும், மற்றொரு பகுதியாருக்கு அதைப்போலத் தோன்றும் மருந்தற்ற நீரும் போடப்பட்டன. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, பின்னர் எக்ஸ்ரேயும் கோழையும் பார்த்து நோயைத் தீர்மானித்தவருக்கும் தெரியாது. கட்சிக்காரர் இன்னார் என்று அறியாத நீதிபதியிடம் பக்ஷபாதம் புகாது அல்லவா! ஏழரை வருஷம் கவனித்துக் கணக்கெடுத்ததில், வயது வந்தவர்களின் நுரையீரல் க்ஷயம் இரு பகுதியாரிடமும் ஏறக்குறைய சமமாகவே கண்டிருந்தது. அதாவது அந்நோய்க்கு இவ்வூசி இங்கே காப்பாகவில்லை.

இதைக் கேட்டு, ஊசியே வீண் என்று எவரும் ஓடிவிட வேண்டாம். சிசுக்களின் மூளை உறையைத் தாக்கியும், உடலெங்கும் பரவியும் கொல்லும் க்ஷயத்திலிருந்து அது காக்கிறது. அதனாலேயே பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது, போடத்தான் வேண்டும். எந்த நோய், எந்த வயது, எந்தத் தேசம் என்ற மூன்றையும் சொல்லாமல் பலன் உண்டு என்பதும் இல்லை என்பதும் அரைகுறைச் சாக்ஷியமே.

ராஜாஜி 1972-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி காலமானார். சோதனையின் முதல் அறிக்கை 1979-ல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில், ஆங்கிலத்தில் வெளியாயிற்று. கையை நீட்டி ஊசி ஏற்றவர்களும் கோழை கொடுத்தவர்களும் நம் செங்கற்பட்டுக் கிராமத்தார். அவ்வறிக்கையின் சாரத்தை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, அந்தக் கிராமங்களின் பஞ்சாயத்து ஆபீஸ்களிலும் ஒரகடத்துத் தொழிற்சாலை வாயில்களிலும் ஒட்டும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். வெளியூர்த் தொழிலாளிகளுக்காக ஹிந்தியிலும் ஒட்டலாம். அதில் நமக்கு ஆக்ஷேபம் இல்லை.