வைத்திய கலாநிதி வேரா பீற்றர்ஸ்

கனடாவின் ஒன்றாரியோவில் 1911இல் பிறந்து, 1934இல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றவர் வேரா பீற்றர்ஸ். மார்பகப் புற்றுநோயால் வருந்திய தாயாருக்கு ரேடியச் சிகிச்சை அளித்த கோர்டன் றிச்சட்ஸிடமே கதிர்ச் சிகிச்சையைக் கற்றார். ரொறொன்ரோவில் வாழும் நம் சகோதரிகள் அறிந்த பிறின்சஸ் மார்கிரட் வைத்தியசாலையில் பின்னர் பணியாற்றினார்.

அக்காலத்தில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். உயிர் தப்பினாலும் பலருக்குக் கை வீங்கிவிடும். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தால் போதாதா? வேரா பழைய நோயாளரின் கோவைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஒப்பிட்டார். அப்படிச் சிகிச்சை பெற்றோரின் ஆயுள் குறையவில்லை. 1975இல் இதனை அவர் எடுத்துரைத்தபோது சத்திரசிகிச்சை நிபுணர் பலர் ஏற்கவில்லை. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அவர் கண்டதையே உறுதிசெய்தன. 1993இல் அவர் காலமானபோது, ஆரம்பநிலை நோயாளர் பலருக்கு மார்பகத்தை இழக்காத சிகிச்சை வழக்கமாகியிருந்தது.