தூய சவேரியாரின் ஈகை

நம் கொச்சித் துறைக்குப் பன்முறை வந்து சென்ற தூய சவேரியார் 1506-ஆம் ஆண்டு நவார நாட்டில் உயர்குடியிற் பிறந்தவர். 1542-ல் கோவாவை அடைந்ததும், மருத்துவமனையிலேயே தங்கி நோயாளருக்குத் தொண்டு புரிந்தார்.

1544-ல் வடுகர் படைக்கு அஞ்சியோடிய பரதவ மக்கள், குமரிமுனைப் பாறைகளில் பசியாலும் தாகத்தாலும் மடியலாயினர். அது கேட்ட சவேரியார், மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் உதவிக்கு விரைந்தார். எதிர்க்காற்று தோணிகளைத் தடுத்தது. பின்னர்க் கால்நடையாகவே சென்று அவர்களைக் கண்டார். ஊர்தோறும் பட்டங்கட்டிகளுக்கு ஓலை போக்கி அவர்களுக்காக இரந்தார். மனமுவந்து தருவோரிடம் மட்டுமே பெற வேண்டும், எவரையும் வற்புறுத்தலாகாது என்றும் பணித்தார்.

1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையருகே சான்சியன் தீவில் அவர் மறைந்தார்.

ஏழைக்கு ஈதல் கிறிஸ்தவரின் கடமை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பிழைப்பு நாடி மட்டாஞ்சேரி வந்த நாமும், நம்மிடையே நலிந்தோர்க்கு மனமுவந்து ஈவோமாக.