ரோம் வரலாற்றுப் புத்தகத்தில் நம்ம கடற்கரையைச் சேர்த்தவர், மீனவரை விட்டுவிட்டார்: யார் இந்த மார்டிமர் வீலர்?

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்கு வீக்எண்ட் ட்ரிப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது ஏரி, பூநாரை, அப்புறம் டச்சுக் கல்லறை. எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசல் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: டச்சுக்காரர் 1600களில்தானே வந்தார், அதற்கு முன்னாடி இந்தக் கரைக்கு யார் வந்தது? ரோமானியர்கள் வந்தாங்களாமே, உண்மையா?

கூகுளில் தேடினால் பதில் உங்களைச் சுமார் 200 கி.மீ. தெற்கே, புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். மார்டிமர் வீலர். ரோமப் பேரரசைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் சோழமண்டலக் கரைக்கு ஒரு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். அதே கையோடு, அந்தக் கரையில் வாழ்ந்த மீனவரைப் பற்றி ஒரு கதையையும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் கதைதான் பிரச்சினை.

ரோமானிய ஓடுகளோடு வளர்ந்தவர்

வீலர் 1890-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா பத்திரிகைக்காரர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து வீரப் பதக்கம் வாங்கினார். போருக்கு முன் ராக்ஸிட்டர் என்ற ரோமானிய நகர அகழாய்வில் அவரோடு வேலை பார்த்த மாணவர்களில் உயிரோடு திரும்பியது தான் ஒருவர்தான் என்று பிற்பாடு எழுதினார். ஒரு தலைமுறையே போய்விட்டது, மிச்சமிருக்கும் நாம்தான் எல்லாவற்றையும் வேகமாகச் செய்தாக வேண்டும் என்கிற பதற்றம் அவரிடம் கடைசிவரை இருந்தது. அவருடைய நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்த அவசரம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

போருக்குப் பிறகு வேல்ஸ், லண்டன் அருங்காட்சியகங்களில் பொறுப்பு. மனைவி டெஸ்ஸா அவருக்குச் சமமான தொல்லியலாளர். வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தை இருவரும் சேர்ந்துதான் தோண்டினார்கள். லண்டனில் தொல்லியல் நிறுவனம் உருவாகவும் டெஸ்ஸா ஓடி ஓடி உழைத்தார். அது முழுமையாகத் திறக்கும் முன்பே, 1936-ல், ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வீலருக்கு அந்தச் சேதி செய்தித்தாள் வழியாகத்தான் தெரிந்தது. பாதி வேலை டெஸ்ஸாவுடையது என்றாலும் புகழில் பெரும்பங்கு வீலருக்குத்தான் போனது. வீட்டுக்குள் அவர் நல்ல கணவராக இருந்தார் என்று அவருடைய நண்பர்கள்கூடச் சொன்னதில்லை.

கீழடி போட்டோக்களில் சதுரம் சதுரமாகக் குழிகள், நடுவே வரப்பு மாதிரி விட்ட மண்சுவர்கள் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அந்த முறையைச் சீராக்கிப் பரப்பியவர்கள் வீலரும் அவருடைய மாணவி கேத்லீன் கென்யனும்தான். நடுவில் சுவரை விட்டுவைப்பது ஏன்? மண் எந்த அடுக்கில் எப்போது படிந்தது என்பதை அந்தச் சுவரின் பக்கவாட்டில் படித்துவிடலாம். பொருள் கிடைத்தால் மட்டும் போதாது, எந்த அடுக்கில் கிடைத்தது என்பதுதான் முக்கியம். இன்றைக்கு இது சாதாரணம். 1940-களின் இந்தியாவில் பல இடங்களில் மண்ணை வெட்டிப் பொருளை எடுத்ததோடு வேலை முடிந்தது.

மெட்ராஸ் மியூசியம் அலமாரி

இரண்டாம் உலகப் போரில் வீலர் மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவில் சண்டை, இத்தாலியின் சலேர்னோவில் தரையிறக்கம். அப்போது பிரிகேடியர். அங்கிருந்து வைஸ்ராய் வேவல் அவரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகக் கூப்பிட்டார். 1944-ல் வந்து சேர்ந்தார். தூங்கிக்கொண்டிருந்த துறையை ராணுவ முகாம் மாதிரி விரட்டினார். தட்சசீலத்தில் பயிற்சி முகாம் போட்டார். பி.பி. லால் மாதிரி பின்னாளில் பெரிய பெயரெடுத்த பலர் அவர் கையில் பழகியவர்கள்.

அந்த வருடமே மெட்ராஸ் வந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் கைவிட்டபோது ஒரு மண்ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடைத்தன. ஆம்போரா! மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட ஜாடி. பிரிட்டனில் ஆயிரம் தடவை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இருட்டில் தடவினாலும் தெரிந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். பாண்டிச்சேரி பக்கம் அரிக்கமேடு என்றார்கள். உடனே ரயிலேறினார். அங்கே பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் அதே மாதிரி ஜாடித் துண்டுகள், கூடவே பளபளக்கும் சிவப்புத் தட்டின் உடைசல்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வீலர் அரிக்கமேட்டைக் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாண்டிச்சேரியில் பேராசிரியர் ழுவோ-துப்ரேய், 1930-களிலேயே ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிகளையும் செதுக்குக் கற்களையும் பார்த்து இது ரோமத் தொடர்புள்ள இடம் என்று எழுதிவிட்டார். ஃபோஷேவும் சுர்லோவும் 1940-களின் தொடக்கத்தில் தோண்டவும் செய்தார்கள். அவர்களுக்கும் முன்னால், அந்த மணிகளைப் பொறுக்கிய பிள்ளைகளுக்கு அந்த மேடு தெரியும். வீலர் கொண்டுவந்தது வேறொன்று.

ஒரு உடைந்த தட்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

அந்தச் சிவப்புத் தட்டுக்கு அரிட்டைன் என்று பெயர். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் செய்தது. அடியில் பட்டறைக்காரர் பெயரை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். எந்தப் பட்டறை எந்த வருடங்களில் ஓடியது என்று ஐரோப்பாவில் ஏற்கனவே கணக்கு இருந்தது. கி.பி. 50 வாக்கில் அந்தத் தொழிலே அடங்கிவிட்டது.

இப்போது கணக்கு சுலபம். தட்டு கிடந்த மண் அடுக்கு ஏறக்குறைய அந்தக் காலம். அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையும் அந்தக் காலம். அதே வகை உள்ளூர்ப் பானை கர்நாடகத்தில் ஒரு ஊரில் கிடைத்தால், அந்த ஊரின் அடுக்குக்கும் தேதி கிடைத்துவிடும். கார்பன் டேட்டிங் இன்னும் வராத காலம் அது. தென்னிந்திய வரலாற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘சுமார்’ என்ற ஒரே தேதிதான். அதில் அடித்து இறக்கிய முதல் ஆணி இந்த உடைசல் தட்டு. 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டினார். ஏ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோரோடு சேர்ந்து எழுதிய அறிக்கை 1946-ல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வந்தது. 1947-ல் பிரம்மகிரிக்கும் சந்திரவள்ளிக்கும் போய் அந்த ஆணியில் கயிறு கட்டி இழுத்தார்.

அதுவரை ரோம்–இந்தியா வணிகம் பற்றிய புத்தகங்கள் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களையும் தோண்டி எடுத்த நாணயங்களையும் வைத்தே எழுதப்பட்டன. 1928-ல் வந்த வார்மிங்டனின் பெரிய நூலும் அப்படித்தான். 1954-ல் வீலர் ‘ரோம் பியாண்ட் தி இம்பீரியல் ஃப்ரான்டியர்ஸ்’ எழுதியபோது ஜெர்மானியக் காடு, சஹாராவோடு அரிக்கமேடும் ரோம வரலாற்றின் வரைபடத்தில் ஏறியது. பேரரசின் எல்லைக்கு வெளியே ரோமப் பொருள் எங்கெல்லாம் போனது என்று தேடுகிறவர்கள் இன்றும் எடுக்கும் புத்தகம் அது.

கதை கட்டிய இடம்

வீலர் நன்றாக எழுதுவார். ரொம்ப நன்றாகவே எழுதுவார். சிக்கலும் அங்கேதான். அரிக்கமேட்டைப் பற்றி அவர் தீட்டிய சித்திரம் இது: கரையில் எளிய மீனவர் குடிசைகள். மீன் பிடிப்பார்கள், மரத்திலிருந்து கள் இறக்குவார்கள், கொஞ்சம் நெல் போடுவார்கள், அவசரமில்லாத வாழ்க்கை. திடீரென ஒருநாள் மேற்கிலிருந்து கேள்விப்படாத ஒயின், பார்த்திராத தட்டுகள், விநோதமான விளக்குகள் வந்திறங்குகின்றன. ஊர் விழித்துக்கொள்கிறது.

சினிமா மாதிரி இருக்கிறது. ஆனால் பழவேற்காடு படகுத்துறையில் ஒரு காலைப்பொழுது நின்றவருக்கு இது இடிக்கும். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் ‘பாடு’ வழக்கம் அங்கே இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் எப்போது அடைக்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் படகைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இன்றைய பாடு முறை 2000 வருடத்துக்கு முன்னாலும் இருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரை வாழ்க்கை என்றாலே எளிமை, தூக்கம் என்று நினைப்பவர் கடற்கரையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லலாம்.

இதற்கு எதிர்ச்சாட்சி வீலரின் மேஜையிலேயே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்ரைய கடல் பெரிப்ளஸ்’. அரிக்கமேடுதான் அதில் வரும் பொதுகே துறைமுகம் என்று வீலரே சொன்னார். அதே பத்தியில் இந்தக் கரையின் உள்ளூர்க் கப்பல்கள் வருகின்றன. கரையோரமாகவே சேரநாட்டுப் பக்கம் போகும் படகுகள், மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கர என்னும் பெரிய கலங்கள், கங்கைக்கும் அதற்கும் அப்பால் கிழக்கேயும் போகும் மிகப்பெரிய கப்பல்கள். மேற்குக் கரையில் இறங்கிய ரோமச் சரக்கு கிழக்குக் கரைக்கு வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட உள்ளூர்க் கலங்களில்தான் இருக்கும். தட்டு இத்தாலியுடையது, சுமந்து வந்த தோள் நம்முடையது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அமெரிக்கக் குழுவும் சென்னைப் பல்கலைக்கழகமும் அரிக்கமேட்டை மறுபடி தோண்டின. ரோமச் சரக்கு வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அங்கே ஊரும் வணிகமும் இருந்தது, அது போன பிறகும் தொடர்ந்தது என்று தெரிந்தது. வட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிக்கோடு போட்ட ‘ரவுலட்டட்’ தட்டுகளை வீலர் மேற்கத்திய வரவு என்று நினைத்திருந்தார். அவை இந்தியாவில் செய்தவை, அவர் குறித்த தேதிக்கும் முந்தியவை என்று ஆனது. அதே தட்டு இலங்கையிலும் இந்தோனேசியாவின் பாலியிலும் கிடைத்திருக்கிறது. அவர் அடித்த ஆணி நின்றது, அதில் மாட்டிய படம்தான் விழுந்தது.

ஆம்போராக்களை எலிசபெத் வில் தனியாக ஆராய்ந்தார். ஒயின், ஆலிவ் எண்ணெய் ஜாடிகளோடு ஸ்பெயினிலிருந்து வந்த மீன் சாஸ் ஜாடிகளும் இருந்தன. மீன்பிடி கரைக்கே மீன் சாஸ் இறக்குமதி! நம்ம கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்கள் போல.

டிவி ஸ்டார்

இதே அவசரம் இன்னொரு இடத்திலும் வெளிப்பட்டது. மொகஞ்சதாரோவில் கிடைத்த சில எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் படையெடுத்து வந்து நகரத்தை அழித்தார்கள் என்று 1947-ல் எழுதினார். அந்த எலும்புகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, படுகொலைக்கு ஆதாரமில்லை என்று 1960-களில் ஜார்ஜ் டேல்ஸ் காட்டினார். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்தப் படுகொலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

1948-ல் வீலர் இந்தியப் பதவியை விட்டுப் போனார். 1952-ல் சர் பட்டம். பிபிசியில் அருங்காட்சியகப் பொருளைக் கையில் வாங்கி இது என்ன என்று கண்டுபிடிக்கும் ஒரு க்விஸ் நிகழ்ச்சியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்காருவார். 1954-ல் பிரிட்டனின் அந்த ஆண்டுக்கான டிவி பிரபலம் அவர்தான். அதே வருடம்தான் அந்த ரோம் புத்தகமும் வந்தது. 1976 ஜூலை 22 அன்று, 85 வயதில், இங்கிலாந்தில் காலமானார்.

அவர் இறந்தபோது எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல்-காதிம் என்ற பழைய ரோமானியத் துறைமுகத்தில், ஒரு பானை ஓடு மண்ணுக்கடியில் கிடந்தது. பிறகு தோண்டியெடுத்தார்கள். அதில் தமிழ் பிராமியில், ஒரு முறைக்கு இரண்டு முறையாக, எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் வாசித்தார்: பானை ஒறி. பாட்டி வீட்டு அடுப்படியில் தயிர்ப்பானை தொங்குமே, அந்த உறி.