சாட்சி கேட்காத வக்கீல்

தளியிலிருந்து ஓசூர் பஸ் பிடித்து வரும் நம்ம பசங்களுக்கு தொரப்பள்ளி ஒன்றும் தூரமில்லை. மூதறிஞர் ராஜாஜி 10-12-1878ல் பிறந்தது அந்த ஊரில்தான். அப்பா அங்கே கிராம முன்சீப். ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூரில் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டப் படிப்பு. 1900ல் சேலத்தில் வக்கீலானார்.

வக்கீல் என்றால் சாட்சி இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். நாமும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரில் கை வைப்பதில்லையே! ஆனால் கடவுள் விஷயத்தில் ராஜாஜி சாட்சி கேட்கவில்லை. இராமாயணத்தை 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று எழுதினார். அதற்கு 1958ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. அதை ஆராய்ச்சி செய்கிறவராக எழுதவில்லை, கும்பிடுகிறவராக எழுதினார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை மட்டும் தன் மனம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக்கொண்டார். அதற்காக ராமபக்தியை விட்டுவிடவும் இல்லை.

அதே மனிதர் வழக்கம் என்று ஊர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. 1933ல் மகள் லட்சுமியை சாதி விட்டு காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கட்டிக் கொடுத்தார். 1939ல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். அவர்கள் மேல் வழக்கு பாயாதபடி ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. சாமியை நம்பினார், சாமி பேரைச் சொல்லி ஆளைத் தள்ளி வைப்பதை நம்பவில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். 1953ல் அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று அவர் கொண்டுவந்த திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். 1954ல் காமராஜர் அதைக் கைவிட்டார், நல்லதாப் போச்சு.

எங்க அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்கு மேத்ஸ் அரியர் விழுந்தப்ப மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க. பாஸானதும், "படிச்சது நான், தேங்காய் மட்டும் சாமிக்கா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாமல் கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ராஜாஜியைப் பற்றிப் படித்த பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூடையை நான்தான் தூக்கிப் போகிறேன். உள்ளே போய்க் கும்பிடுவேனா என்றால், இன்னும் தெரியவில்லை.

கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியாரும் ராஜாஜியும் நீண்ட கால நண்பர்கள். ஒருத்தரை ஒருத்தர் மாற்ற முடியவில்லை. 25-12-1972ல் ராஜாஜி காலமானார். 93 வயசுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார்.