வெடிமருந்துக் கிடங்கைக் காத்த கம்பி

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் நம்மில் பலருக்கு, இடிமழையில் பட்டம் விட்டவர் என்பதுதான் நினைவுக்கு வரும். உயர்நிலைப் பள்ளி அறிவியல் பாடத்தில் நானும் அவரை அப்படித்தான் அறிந்தேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வந்தபின், நிலைமின்சாரத்தால் ஏற்படும் தீவிபத்துகளைப் பற்றி வாசித்தபோது அவரை மீண்டும் சந்தித்தேன். அந்தக் கதையில் பட்டத்தைவிட வெடிமருந்துக்கே அதிக இடம் இருந்தது.

பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரினால் அது காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பொருள்கள் உரசும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. வெளியேற வழியில்லாத மின்னூட்டம் பொருளின் மேலேயே தங்கிவிடுகிறது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் அது விரைவில் கசிந்துவிடும். வறண்ட, குளிர்ந்த நாடுகளில் அப்படியில்லை. அங்கே தோட்டாக்களில் மருந்து நிரப்புவோருக்கு இது பெரிய தொல்லை. துகள்கள் பிளாஸ்டிக் புனலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தோட்டாவில் அளவு குறையும், ஒட்டியது உதிர்ந்தால் அடுத்ததில் கூடும். துகள்களுக்கு கிராஃபைட் பூசுவதும் கருவிகளை நிலத்தோடு இணைப்பதும் அதற்காகத்தான். மின்னூட்டத்துக்கு நிலத்துக்குள் இறங்க வழி கொடுத்துவிட்டால் ஆபத்து குறையும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் பிராங்க்ளின்.

அவர் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி பாஸ்டனில் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளில் பெஞ்சமின் 15ஆவது. இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குச் சென்ற அவர், 10 வயதில் தந்தையின் தொழிலுக்கு வந்தார். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகத் தொடங்கினார். 17 வயதில் வீட்டைவிட்டு ஓடி பிலடெல்பியா சேர்ந்தார். அச்சகம், செய்தித்தாள், பஞ்சாங்கம் என உழைத்து முன்னேறி, 42 வயதில் தொழிலிலிருந்து ஒதுங்கினார். அதற்குள் மின்சாரம் அவரைப் பிடித்துக்கொண்டது.

லண்டனிலிருந்து பீட்டர் காலின்சன் என்ற நண்பர் அனுப்பிய ஒரு கண்ணாடிக் குழாயில் அது தொடங்கியது. குழாயைத் தேய்த்துத் தேய்த்து நண்பர்களோடு சோதனை செய்தார். மின்னூட்டமேற்றிய இரும்புக் குண்டின் அருகே கூரான ஊசியைக் கொண்டுசென்றால், தொடாமலேயே மின்னூட்டம் வடிந்துவிடுவதைக் கண்டார். மழுங்கிய முனையோ மிக அருகில் வந்தால்தான் வேலை செய்தது. அப்போது பொறியும் பறந்தது. நாம் இன்று சொல்லும் நேர், எதிர் மின்னூட்டம் என்ற பெயர்களும் அவர் தந்தவைதான்.

இந்த விளையாட்டு ஆபத்தானது. 1750ஆம் ஆண்டு இறுதியில், வான்கோழி ஒன்றை மின்சாரத்தால் கொல்ல முயன்றபோது அதிர்ச்சி அவர்மேலேயே பாய்ந்து, அவர் உணர்விழந்தார். மறு ஆண்டு, உலர்ந்த வெடிமருந்தை இறுக்கி நிரப்பிய குழலுக்குள் இரு கம்பிகளைச் செருகி, அவற்றின் முனைகளுக்கிடையே பொறி பாயச் செய்து மருந்தைப் பற்றவைத்தார். ஒரு மின்பொறிக்கே இவ்வளவு வலிமை என்றால், மின்னல் ஒரு கிடங்கின்மேல் விழுந்தால் என்னாகும்?

மின்னலும் மின்சாரமே என்று நிறுவ அவர் முன்மொழிந்த சோதனையை 1752ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் செய்து காட்டினார்கள். அந்தச் செய்தி கடல் கடந்து வருமுன்பே, ஜூன் மாதம் அவர் பட்டம் விட்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு ரஷ்யாவில் இதே வகைச் சோதனையில் ஈடுபட்ட பேராசிரியர் ரிச்மன் மின்னல் தாக்கி இறந்தார். ரிச்மனின் கம்பி நிலத்தோடு இணைக்கப்படவில்லை.

அக்காலத்தில் வெடிமருந்தைத் தேவாலயங்களிலும் சேமித்தார்கள். 1769ஆம் ஆண்டு இத்தாலியின் பிரெசியா நகரில் அத்தகைய இடத்தின்மேல் மின்னல் விழுந்து, நகரின் ஒரு பகுதியே அழிந்தது. பெரும் உயிர்ச்சேதம். தேம்ஸ் நதிக்கரையில், பர்ஃப்ளீட்டில் இருந்த தங்கள் கிடங்கைப் பற்றி பிரிட்டிஷ் அரசுக்குக் கவலை வந்தது. 1772ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி ஒரு குழுவை அமைத்தது. அப்போது லண்டனில் இருந்த பிராங்க்ளினும் வேதியியலாளர் கேவண்டிஷும் அதில் இருந்தார்கள். கூரான கம்பிகளை நட்டு, அவற்றை ஈரமான நிலம்வரை இறக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. உறுப்பினர் பெஞ்சமின் வில்சன் மட்டும் மறுத்தார்: கூர்முனை மின்னலை வீணாக அழைக்கும், குமிழ்முனையே நல்லது என்பது அவர் வாதம்.

1777ஆம் ஆண்டு பர்ஃப்ளீட்டில் கிடங்குக்கு அருகிலிருந்த ஒரு கட்டடத்தை மின்னல் தாக்கி, சில செங்கற்கள் பெயர்ந்தன. கிடங்குக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அப்போது அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தது. பிராங்க்ளின் எதிரியின் தூதராகப் பிரான்சில் இருந்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குமிழ்முனையின் பக்கம் நின்றார். ராயல் சொசைட்டியோ தன் முடிவை மாற்றவில்லை. அண்மைக்கால ஆய்வுகளில், ஓரளவு மழுங்கிய முனை மின்னலைச் சற்று நன்றாகவே பிடிப்பதாகத் தெரியவந்துள்ளது. ஆக, முனையைப் பற்றி இரு தரப்புமே முழுதாகச் சரியில்லை. நிலத்துக்குச் செல்லும் பாதைதான் உயிர் காக்கிறது என்பதில் பிராங்க்ளின் தவறவில்லை.

அவர் இடிதாங்கிக்குக் காப்புரிமை கேட்கவே இல்லை. செய்முறையைத் தம் பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ள விட்டார். 1790ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, 84ஆம் வயதில் காலமானார்.

மதிப்பெண்களைப் பற்றியே நாளெல்லாம் கவலைப்படும் நமக்கு, இரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்போடு நிறுத்தியவர் இவ்வளவு செய்தது வியப்பாக இருக்கலாம். அவர் படிப்பை நிறுத்தினாரே தவிர, கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. திடலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்து விளையாட்டைப் பாதியில் விட நேர்ந்தால், எதிரே உள்ள அடுக்குமாடிக் கூரையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். அங்கேயும் மின்னலை நிலத்துக்கு இறக்கிவிடும் அதே ஏற்பாடு இருக்கிறது.