அகலத்திரை தந்த விஞ்ஞானி

ராமநாதபுரத்திலும் ராமேசுவரத்திலும் இன்று பல வீடுகளில் பெரிய டெலிவிஷன் இருக்கிறது. அதில் சில படங்கள் ஓடும்போது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறது. டெலிவிஷன் பழுதாகிவிட்டதோ என்று சிலர் நினைக்கிறார்கள்.

பழுது அல்ல! அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைக் கதை இருக்கிறது.

அவர் பெயர் ஹென்றி கிரெத்தியன். 1879-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார்.

நட்சத்திரம் பார்த்தவர்

அவர் சினிமாக்காரர் அல்ல. நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். பிரான்சில் நீஸ் நகர வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அமெரிக்க நிபுணர் ரிட்சியுடன் சேர்ந்து புதுவகைத் தொலைநோக்கிக்கு வழி கண்டார். லடாக்கில் ஹான்லே மலைமீது நம் நாடு நிறுவிய தொலைநோக்கியும் அந்த வகைதான்.

முதல் உலகப்போரில், டாங்கிக்குள் இருந்த வீரர்கள் வெளியே அகலமாகப் பார்க்க உதவும் கண்ணாடியைப் பற்றி யோசித்தார். பின்பு அந்த யோசனையைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 1920-களின் பிற்பகுதியில் ஒரு லென்ஸ் பிறந்தது.

பாம்பன் பாலம்

பாம்பன் பாலத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். பழைய சினிமாத் திரையின் அளவு 4-க்கு 3. முழுப் பாலமும் அதில் வரவேண்டுமானால், வெகுதூரம் தள்ளிநின்று படம் எடுக்க வேண்டும். பாலம் சிறு கோடாகிவிடும்.

கிரெத்தியனின் லென்ஸ் இரு மடங்கு அகலக் காட்சியை அதே பிலிமுக்குள் ஒடுக்கிவிடும். பிலிமில் மனிதர்கள் பனைமரம்போல் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். தியேட்டரில் மற்றொரு லென்ஸ் அதை விரித்துச் சரியாகக் காட்டும்.

25 ஆண்டு காத்திருந்தார்

அந்த லென்சை அப்போது பெரிய பட முதலாளிகள் வாங்கவில்லை. பேசும்படம் வந்த காலம் அது. எல்லாரும் ஒலிக் கருவிக்கே பணத்தைக் கொட்டினார்கள்.

1950-களில் அமெரிக்காவில் டெலிவிஷன் பரவியது. தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டவேண்டும் என்று டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனி தவித்தது. கிரெத்தியனைத் தேடி வந்தது. 1953-ல் 'தி ரோப்' என்ற சினிமாஸ்கோப் படம் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 74! ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1956-ல் காலமானார்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வந்தது.

வீட்டுக்கு வந்த அகலத்திரை

பழைய டெலிவிஷன் பெட்டியும் 4-க்கு 3 அளவுதான். அதில் திரை நிறையவேண்டும் என்று அகலப் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டினார்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் காணாமல் போனார்!

இன்றைய டெலிவிஷன் 16-க்கு 9. சினிமாஸ்கோப் அதைவிடவும் அகலம். அதனால்தான் கறுப்புப் பட்டை. ரிமோட்டை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கினால் பட்டை மறையும். இரு ஓரமும் சேர்ந்து மறையும். பட்டை இருந்தால் முழுப் படமும் இருக்கிறது என்று அர்த்தம்.

டெலிவிஷனோடு போட்டிபோட வந்த அகலத்திரை, இன்று டெலிவிஷனிலேயே குடியேறிவிட்டது!