நமக்காக வந்ததில்லை ஏசி: காகிதத்துக்கும் நூலுக்கும் சுருட்டுக்கும் காற்றை அளந்த வில்லிஸ் கேரியர்

மே மாத மதியம். சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. ரிமோட்டில் 24 என்று வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறோம். நம் வியர்வைக்காகத்தான் யாரோ இதைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால், அது தப்பு. ஏசி பெட்டிகளில் இன்றும் பெயராக இருக்கும் வில்லிஸ் கேரியர் முதலில் கவலைப்பட்டது, ஓர் அச்சகத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருந்த காகிதத்தைப் பற்றி.

1876 நவம்பர் 26 அன்று, நியூயார்க் மாகாணத்தில் அங்கோலா என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கேரியர். சின்ன வயதில் அவருக்குப் பின்னக் கணக்கு சுத்தமாகப் புரியவில்லை. அம்மா ஆப்பிள்களைப் பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மகனுக்கு 11 வயதானபோது அந்த அம்மா இறந்துபோனார். பையன் உதவித்தொகையில் கார்னெல் பல்கலைக்கழகம் போனார், சின்னச் சின்ன வேலைகள் செய்து படித்தார். 1901-ல் பட்டம் வாங்கியதும் பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் வாரம் 10 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

பிரச்சினை வெயில் இல்லை, ஈரம்

அடுத்த வருடமே புரூக்ளினில் இருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகம் ஒரு தலைவலியோடு வந்தது. கலர் அச்சில் ஒரே தாள் பலமுறை இயந்திரத்துக்குள் போக வேண்டும். ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் நடுவில் காற்றின் ஈரம் மாறினால் தாள் லேசாக நீளும், சுருங்கும். வண்ணம் இடம் மாறி விழும். அத்தனையும் வீண்.

25 வயது கேரியர் 1902 ஜூலையில் இதற்கு ஓர் அமைப்பை வரைந்து கொடுத்தார். குளிர்ந்த குழாய்கள் மேல் காற்றைச் செலுத்த வேண்டும். கோடையில் 80 டிகிரி பாரன்ஹீட், குளிர்காலத்தில் 70. ஆனால் ஈரப்பதம் மட்டும் வருடம் முழுக்க 55 சதவீதம். நவீன ஏசியின் பிறப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வேலை அவருக்கே முழுத் திருப்தி தரவில்லை. அதே வருடக் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் பனிமூட்டத்துக்குள் நின்றபோதுதான் பொறி தட்டியது. மூட்டம் என்றால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தை முழுசாகத் தாங்கி நிற்கிறது. அப்படியானால் மூட்டத்தின் வெப்பநிலையை நாம் முடிவு செய்தால், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.

ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்துப் பார்க்கலாம்

கொஞ்சம் குழப்பும் விஷயம் இது. சுருட்டை உதாரணமாக எடுத்தால் சுலபம். (புகையிலை உடம்புக்குக் கேடு, அதில் மாற்றமில்லை. இங்கே பேசுவது காற்றைப் பற்றி.) திருச்சி உறையூர் சுருட்டு 19-ம் நூற்றாண்டிலேயே லண்டன் வரை பிரபலம். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பு துலக்க உதவுவதே திருச்சி சுருட்டின் சாம்பல்தான்.

சுருட்டைப் பாதுகாக்க உலகம் முழுக்க 70-70 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 70 சதவீதம். ஈரம் குறைந்தால் மேல் இலை வெடிக்கும், வாசனை எண்ணெய் போய்விடும். கூடினால் பூஞ்சை. சூடு 24, 25-ஐத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும்.

சேலத்தின் ஒரு கோடை மதியத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். திறந்து வைத்த சுருட்டு காய்ந்து சருகாகும். சரி, அதே காற்றை 21 டிகிரிக்குக் குளிர்வித்தால்? ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலே ஈரப்பதம் 80 சதவீதமாகிவிடும். குளிர்ந்த காற்றால் குறைந்த ஈரத்தைத்தான் தாங்க முடியும் என்பதுதான் காரணம். இப்போது பூஞ்சை!

கேரியரின் வழி வேறு. 15 டிகிரி தண்ணீர்ச் சாரலுக்குள் காற்றை விடுங்கள். கூடுதல் ஈரம் தண்ணீராகப் பிரிந்து விழும். மிச்சக் காற்றைத் திரும்ப 21-க்குச் சூடாக்குங்கள். ஈரப்பதம் 70-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது! கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும் இந்த யோசனைக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது.

பெட்டிக்குள் இருக்கும் ஈரமானி சரியா என்று பார்க்க நம் அடுப்படி உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, கரையாத அளவுக்கு லேசாக நனைத்து, ஈரமானியோடு டப்பாவில் அடைத்து ஒரு நாள் விட்டால் 75 காட்ட வேண்டும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இந்த 75-ஐக் காற்று தாண்டும்போதுதான்.

பெயர் வைத்தது பஞ்சாலை

1906-ல் ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லை உருவாக்கியவர் கேரியர் இல்லை. வட கரோலினா பஞ்சாலைகளுக்கு வேலை பார்த்த ஸ்டூவர்ட் கிராமர். பஞ்சு நூல் காய்ந்தால் அறுந்துபோகும், கொஞ்சம் ஈரம் இருந்தால் பலம் கூடும். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரைக்குள் இறங்கி உட்காரும் குழித்தறியில் மண்ணின் ஈரமே பாவு நூலைக் காத்தது. நாமக்கல் முட்டைக்கும் இதே கணக்குதான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதால், வறண்ட காற்றில் வைத்தால் முட்டை எடை இழந்துகொண்டே போகும்.

1911-ல் கேரியர் தன் சூத்திரங்களை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வைத்தார். பொறியாளர்கள் இன்றும் அந்த அடிப்படையில்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் முதல் உலகப் போர் வந்ததும் பஃபலோ ஃபோர்ஜ் அந்தப் பிரிவையே மூட முடிவு செய்தது. 1915-ல் கேரியரும் உடனிருந்த 6 பொறியாளர்களும் கையில் இருந்ததைப் போட்டு, 32,600 டாலரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

மனிதர்களின் முறை மெதுவாகத்தான் வந்தது. 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் கேரியரின் இயந்திரம் ஓடியது. கோடையில் காற்று வாங்கும் கூட்டம் படத்துக்கு வர ஆரம்பித்தது. 1950 அக்டோபர் 7 அன்று, 73 வயதில், அவர் இறந்தபோதும் வீட்டு ஏசி பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருள்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்திருந்தது. நூலுக்காகச் செயற்கையாக ஈரம் ஏற்றும் ஆலைகளுக்கென்றே அதில் 15-வது பிரிவு இருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் ஏற்றலாம், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மாநில அரசு விதி போட அது இடம் கொடுத்தது. தெளிக்கும் தண்ணீர் குடிநீர் ஆதாரத்திலிருந்து எடுத்ததாகவோ, நன்றாகச் சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. நூலுக்காகத் தெளிப்பதை ஷிப்ட் முழுக்கச் சுவாசிப்பது தொழிலாளிதானே.